மொச்சை கெட்டது ஏன்? லாப்ரடார் பனியில் விடை கண்ட கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ

பொங்கல் முடிந்த மறுவாரம் மொச்சைக்காய் மூட்டையைச் சந்தையில் இறக்கியவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பறிப்புக் கூலியும் வண்டி வாடகையும் போனால் கையில் நிற்பது சொற்பம். ஆறு மாதம் கழித்து அதே மொச்சையை நாமே கடையில் கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறோம். அப்போதுதான் சின்னதாக ஒரு ஃப்ரீசர் பெட்டி வாங்கி வைத்தால் என்ன என்ற எண்ணம் வருகிறது. ஐஸ்கிரீம் கடையில் இருக்குமே, மூடியை மேலே தூக்கித் திறக்கும் பெட்டி, அதைத்தான் சொல்கிறேன். தவணையிலும் கிடைக்கிறது.

அந்த எண்ணம் எனக்கும் வந்தது. 100 லிட்டர் பெட்டி ஒன்று வாங்கினேன். எட்டுக் கிலோ மொச்சையை உரித்து, பச்சையாகவே ஒரு பெரிய பையில் கட்டி உள்ளே வைத்தேன். இரண்டு மாதம் கழித்து எடுத்தபோது பயறு நிறம் மங்கி, வைக்கோல் வாசம் அடித்தது. வேக வைத்தால் குழைந்து தோல் தனியாக வந்தது. வீட்டில் யாரும் தட்டில் வாங்கவில்லை. உழவியலில் முனைவர் பட்டம் வாங்கியவன் நான். ஆனால் என் படிப்பு அறுவடையோடு முடிந்திருந்தது. பெட்டியில் ஒரு கோளாறும் இல்லை.

எங்கே தவறினேன் என்று தேடப்போய்த்தான் கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ என்ற அமெரிக்கரின் வாழ்க்கையைப் படித்தேன். உறைய வைத்த பட்டாணியும் மீனும் இன்று உலகம் முழுக்கக் கடைகளில் கிடைப்பதற்கு வழி போட்டவர் அவர். ஃப்ரீசர் வாங்க நினைக்கும் ஒவ்வொரு விவசாயியும் அவர் கதையைத் தெரிந்துகொள்வது நல்லது. பெட்டியோடு வரும் கையேட்டில் இல்லாத பாடம் அதில் இருக்கிறது.

தவளை பிடித்துப் படித்தவர்

கிளாரன்ஸ் 1886 டிசம்பர் 9-ம் தேதி நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் பிறந்தார். ஒன்பது பிள்ளைகள் உள்ள வீட்டில் ஆறாவது பிள்ளை. சிறு வயதிலேயே செடி, பூச்சி, பறவை, விலங்கு என்று சுற்றித் திரிந்தவர். விலங்குகளின் தோலைப் பதப்படுத்தி உருவம் கெடாமல் வைக்கும் கலையைப் பையனாக இருக்கும்போதே கற்றுக்கொண்டார். ஒரு பொருளைக் கெடாமல் காப்பாற்றும் ஆர்வம் அப்போதே இருந்தது என்று சொல்லலாம்.

மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியில் சேர்ந்தார். பணத்துக்குத் தட்டுப்பாடு. பாம்புகளுக்கு இரையாகத் தவளைகளைப் பிடித்து மிருகக்காட்சி சாலைக்கு விற்றார். ஆராய்ச்சிக்கு எலி பிடித்துக் கொடுத்தார். அப்படியும் சமாளிக்க முடியாமல் படிப்பைப் பாதியில் விட்டார். பிறகு அமெரிக்க வேளாண் துறையின் உயிரியல் ஆய்வுப் பிரிவில் களப்பணியாளராக வேலை பார்த்தார். மொன்டானா மாநிலத்தின் பிட்டர்ரூட் பள்ளத்தாக்கில், உண்ணிகளால் பரவும் கொடிய காய்ச்சலைப் பற்றிய ஆய்வுக்காகக் காட்டு விலங்குகளைப் பிடித்து உண்ணி சேகரித்தார். பட்டம் வாங்காதவர் என்றாலும், களத்தில் நின்று கண்ணால் பார்த்ததைக் குறித்து வைக்கும் பழக்கம் அவருக்கு அங்கே உறுதிப்பட்டது.

லாப்ரடார் பனியில் கிடைத்த பாடம்

1912-ல் வட அமெரிக்காவின் வடகிழக்குக் கோடியில் உள்ள லாப்ரடாருக்குப் போனார். இன்று அது கனடாவின் பகுதி. நரித்தோல் வியாபாரம் செய்து பிழைக்கலாம் என்பது கணக்கு. 1915-ல் எலினார் என்ற பெண்ணைத் திருமணம் செய்துகொண்டார். அடுத்த ஆண்டு ஆண் குழந்தை பிறந்தது. மனைவியையும் கைக்குழந்தையையும் அழைத்துக்கொண்டு அந்தப் பனிப் பிரதேசத்துக்கே திரும்பினார்.

அங்கே குளிர்காலத்தில் பச்சைக் காய்கறி கிடைக்காது. வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறது. என்ன கொடுத்து வளர்ப்பது? இந்தக் கவலைதான் அவரை யோசிக்க வைத்தது.

அந்த மண்ணின் இனூயிட் மக்கள் உறைந்த நீர்ப்பரப்பில் துளை போட்டு மீன் பிடிப்பதை அவர் கவனித்தார். வெளியே மைனஸ் 40 டிகிரிக் குளிர், கூடவே காற்று. தண்ணீரிலிருந்து வெளியே வந்த மீன் சில நிமிடங்களில் கட்டையாக விறைத்துவிடும். அதை மாதக்கணக்கில் வைத்திருந்து சமைத்தாலும் அன்று பிடித்த மீன் போலவே இருந்தது. இனூயிட் மக்களுக்கு இது தலைமுறை தலைமுறையாகத் தெரிந்த விஷயம்.

கிளாரன்ஸ் இன்னொன்றையும் கவனித்தார். கடும் குளிர்காலத்தின் நடுவில் உறைந்த மீனும் இறைச்சியும் நன்றாக இருந்தன. குளிர் குறைவான இலையுதிர் காலத்திலும் வசந்த காலத்திலும் உறைந்தவை அவ்வளவு நன்றாக இல்லை. இரண்டுமே உறைந்தவைதான். அப்படியானால் வேறுபாடு எங்கே? உறைந்த வேகத்தில் என்று அவர் புரிந்துகொண்டார்.

இதை நம் மொச்சையை வைத்துப் பார்ப்போம். காயில் பெரும்பகுதி தண்ணீர். குளிர் மெல்ல இறங்கினால் பனித்துகள்கள் நிதானமாக வளர்ந்து பெரிதாகின்றன. முதலில் செல்களுக்கு வெளியே உள்ள நீர் உறைகிறது. அது செல்லுக்குள் இருக்கும் நீரையும் வெளியே இழுக்கிறது. பெரிய துகள்கள் செல் சுவரைக் கிழிக்கின்றன. பனி விலகும்போது கிழிந்த செல்லிலிருந்து சாறு ஒழுகிவிடுகிறது. மிஞ்சுவது சக்கை. வேகமாக உறைந்தால் துகள்கள் வளர நேரம் கிடைப்பதில்லை. பொடிப்பொடியாக நின்றுவிடுகின்றன. செல் சுவரும் பெரும்பாலும் தப்பிக்கிறது.

எட்டுக் கிலோவை ஒரே பையில் கட்டிய என் மொச்சைக்கு நடந்தது முதல் வகை. பையின் ஓரம் உறைந்தபோது நடுவில் இருந்த பயறு இன்னும் சில்லென்றுகூட ஆகியிருக்காது. கிளாரன்ஸ் லாப்ரடாரில் முட்டைக்கோஸை உறைய வைத்தபோது மொத்தமாக வைக்கவில்லை. பீப்பாயில் இலைகளை அடுக்கடுக்காகப் போட்டு, உப்பு நீர் ஊற்றி, அந்தக் குளிரில் உறைய விட்டார். குழந்தைக்குப் பச்சைக் காய் கிடைத்தது.

ஏழு டாலர் முதலீடும் முதல் தோல்வியும்

1917-ல் அமெரிக்கா திரும்பினார். அந்தக் காலத்தில் உறைய வைத்த உணவுக்கு அங்கே நல்ல பெயர் இல்லை. குளிர்க் கிடங்குகளில் பெரிய பெரிய கட்டிகளாக மெல்ல உறைய வைத்தார்கள். விற்காமல் மிஞ்சியதையும் கெடப்போவதையும்தான் உறைய வைக்கிறார்கள் என்ற எண்ணமும் மக்களிடம் இருந்தது.

லாப்ரடார் குளிரை நகரத்தில் எப்படி உண்டாக்குவது? ஒரு மின்விசிறி, உப்பு நீர் வாளிகள், பனிக்கட்டிகள். ஏழு டாலர் செலவில் தொடங்கிய சோதனை என்று அவர் வரலாற்றில் சொல்வார்கள். பிறகு நியூயார்க்கில் சொந்தமாக மீன் நிறுவனம் தொடங்கினார். முள் நீக்கிய மீன் துண்டுகளைக் கடுங்குளிர்க் காற்றில் உறைய வைத்து விற்றார். 1924-ல் அந்த நிறுவனம் திவாலானது.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசியுங்கள். மீன் கெடவில்லை, முறையும் தவறில்லை. ஆனால் உறைந்த மீனை உறைந்த நிலையிலேயே கொண்டுபோக வண்டி இல்லை. கடையில் வைக்கப் பெட்டி இல்லை. வாங்குபவருக்கும் நம்பிக்கை இல்லை. நடுவில் ஒரு கண்ணி அறுந்தாலும் உறைய வைத்த பாடெல்லாம் வீண். கடன் வாங்கி ஃப்ரீசர் வாங்கிவிட்டு யாரிடம் விற்பது என்று பிறகு யோசிக்கும் நம்மவர்களுக்கும் இதே கதிதான் ஆகிறது.

கிளாரன்ஸ் ஆயுள் காப்பீட்டுப் பத்திரத்தையும் அடகு வைத்து மீண்டும் எழுந்தார். சில கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டு, மாசசூசெட்ஸ் மாநிலத்தின் மீன்பிடித் துறைமுகமான குளோஸ்டரில் புதிய நிறுவனம் தொடங்கினார். கப்பலில் வந்திறங்கும் மீனை அங்கேயே அன்றே உறைய வைக்கலாம். விளையும் இடத்துக்கே இயந்திரம் போக வேண்டும் என்பதை அவர் பிடித்துக்கொண்டார்.

இரண்டு தகடுகளுக்கு நடுவே

குளோஸ்டரில் அவர் செய்ததுதான் இந்தத் தொழிலையே மாற்றியது. உணவை முதலில் சிறிய, தட்டையான அட்டைப் பெட்டிகளில் அடைத்தார். அந்தப் பெட்டிகளைக் கடுங்குளிரான இரண்டு உலோகப் பரப்புகளுக்கு நடுவில் வைத்து அழுத்தினார். மேலும் கீழும் உலோகம் ஒட்டி நிற்பதால் சூடு விரைவாக வெளியேறியது. முதலில் குளிர்ந்த உப்பு நீரால் குளிரூட்டிய உலோகப் பட்டைகளைப் பயன்படுத்தினார். பின்னர் தட்டுகளை அடுக்கிய இயந்திரத்தைச் செய்தார். ஒரு நாள் முழுக்க ஆன வேலை சில மணி நேரத்துக்குள் முடிந்தது. 1927-ல் விண்ணப்பித்த காப்புரிமை 1930-ல் கிடைத்தது. மீனோடு நிற்காமல் இறைச்சி, பழம், காய்கறி என்று விரிந்தார்.

காய்கறியில் இன்னொரு சிக்கல் இருந்தது. எவ்வளவு வேகமாக உறைந்தாலும் பச்சைக் காயில் உள்ள நொதிகள் குளிரில் சாவதில்லை. அவை மெதுவாக வேலை செய்து நிறத்தையும் மணத்தையும் கெடுக்கின்றன. என் மொச்சையில் வந்த வைக்கோல் வாசம் அதுதான். கொதிநீரில் சில நிமிடம் முக்கி எடுத்துக் குளிர வைத்தால் நொதிகள் அடங்கிவிடும். உறைய வைத்த காய்கறித் தொழில் வேரூன்றியதற்கு இந்தச் சின்ன வேலையும் ஒரு காரணம்.

1929-ல் கிளாரன்ஸ் தன் நிறுவனத்தையும் காப்புரிமைகளையும் போஸ்டம் நிறுவனத்துக்கும் கோல்ட்மேன் சாக்ஸ் நிறுவனத்துக்கும் 2.2 கோடி டாலருக்கு விற்றார். அந்தத் தொகையின் பெரும்பகுதி காப்புரிமைகளுக்கான விலை. ஏழு டாலரில் தொடங்கியவர் பெரும் செல்வந்தரானார். ஆனாலும் ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியேறவில்லை.

கடை, ரயில், வீடு

1930 மார்ச் 6-ம் தேதி மாசசூசெட்ஸின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் 18 கடைகளில் உறைய வைத்த உணவுப் பொட்டலங்கள் விற்பனைக்கு வந்தன. பெயர் அவருடையதுதான், பேர்ட்ஸ் ஐ என்று இரண்டாகப் பிரித்து அச்சிட்டார்கள். முதல் தோல்வியின் பாடம் இங்கே உதவியது. கடைகளில் குளிர்ப்பெட்டி இல்லையென்றால் எந்தச் சரக்கும் நிற்காது. அதனால் பெட்டிகளையும் நிறுவனமே ஏற்பாடு செய்தது. 1934-ல் விலை குறைந்த பெட்டிகளைச் செய்யவைத்து, கடைகளுக்கு வாடகைக்கு விட்டார்கள். 1944-ல் குளிர் வசதியுள்ள ரயில் பெட்டிகளும் வந்தன. அறுந்திருந்த கண்ணிகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன.

இந்தக் காலத்தில் நம் கவனத்துக்குரிய ஓர் ஏற்பாடு நடந்தது. நியூஜெர்சி மாநிலத்தின் சீப்ரூக் பண்ணை 1930-களில் இந்த முறையைக் கைக்கொண்டது. பட்டாணியும், நம் மொச்சைக்கு உறவான லிமா பீன்ஸும் வயலில் பறித்த கையோடு பக்கத்திலேயே உறைய வைக்கப்பட்டன. பறித்த பட்டாணியில் உள்ள சர்க்கரை மணிக்கு மணி குறைந்து மாவாக மாறிக்கொண்டே இருக்கும். அதனால் வயலுக்கும் குளிருக்கும் இடையே உள்ள நேரம்தான் ருசியை முடிவு செய்தது.

இரண்டாம் உலகப் போரில் தகரத்துக்குத் தட்டுப்பாடு வந்தபோது, டப்பா உணவுக்குப் பதிலாக உறைய வைத்த உணவுக்கு மவுசு கூடியது. போருக்குப் பின் வீடுகளிலும் ஃப்ரீசர் பரவியது. இன்று நம் வீட்டுக்கு வரும் பெட்டி அந்த வரிசையில் வந்ததுதான்.

கிளாரன்ஸ் கடைசிவரை ஓயவில்லை. விளக்குகள் செய்தார். உணவை விரைவாக உலர்த்தும் முறையில் உழைத்தார். 1950-களில் தென் அமெரிக்காவின் பெரு நாட்டுக்குப் போய், கரும்புச் சக்கையிலிருந்து காகிதக் கூழ் எடுக்கும் வேலையில் இறங்கினார். வீணாகும் பொருளைப் பார்த்தால் அவரால் சும்மா இருக்க முடியவில்லை. 1956 அக்டோபர் 7-ம் தேதி நியூயார்க்கில் தன் 69-ம் வயதில் காலமானார். அவர் விருப்பப்படி அஸ்தி குளோஸ்டர் கடலில் கரைக்கப்பட்டது.

உங்கள் பெட்டிக்கு அவர் விட்டுச்சென்றது

வீட்டு ஃப்ரீசர், கிளாரன்ஸின் இயந்திரம் அல்ல. உறைந்த பொருளை மைனஸ் 18 டிகிரியில் காத்து வைப்பதுதான் அதன் முதல் வேலை. புதிதாக உறைய வைப்பதில் அதற்குச் சக்தி குறைவு. ஆனால் அவர் வழியைப் பின்பற்றினால் சின்னப் பெட்டியிலும் நல்ல பலன் கிடைக்கும்.

முதலாவது, தட்டையாக அடையுங்கள். அரைக் கிலோ அளவில், ஓர் அங்குலத் தடிமனில் பையைப் பரப்பி, காற்றை வெளியேற்றி மூடுங்கள். தடிமன் பாதியானால் உறையும் நேரம் பாதிக்கும் கீழே குறையும். இவ்வகைப் பெட்டிகளில் பெரும்பாலானவற்றில் குளிர்க்குழாய் பக்கச் சுவர்களுக்குள் ஓடுகிறது. பொட்டலங்களைச் சுவரில் ஒட்டி நிறுத்தினால் அந்தச் சுவரே கிளாரன்ஸின் உலோகத் தகடு. உறைந்த பிறகு நடுவில் அடுக்கிக்கொள்ளலாம்.

இரண்டாவது, ஒரே நாளில் நிரப்பாதீர்கள். 100 லிட்டர் பெட்டியில் ஒரு நாளுக்கு மூன்று முதல் ஐந்து கிலோ புதிய பொருள் போதும். அதற்கு மேல் போனால் எல்லாமே மெல்ல உறையும். முன்பே உறைந்தவையும் இளகத் தொடங்கும்.

மூன்றாவது, காய்கறியை முக்கி எடுங்கள். அரைக் கிலோவுக்கு நான்கு லிட்டர் தண்ணீர் நன்றாகக் கொதிக்க வேண்டும். மொச்சை, பட்டாணி போன்றவற்றுக்கு இரண்டு மூன்று நிமிடம் போதும். எடுத்தவுடன் அதே அளவு நேரம் ஐஸ் தண்ணீரில் போட்டு, ஈரம் வடித்து, துணியில் ஒற்றிப் பையில் அடையுங்கள். மாம்பழக் கூழுக்கும் துருவிய தேங்காய்க்கும் இது தேவையில்லை. வெள்ளரி, தர்பூசணி போன்ற நீர்க்காய்கள் ஃப்ரீசருக்கு ஆகாது.

நான்காவது, மின்வெட்டு. பெட்டி நிறைந்திருந்து மூடியைத் திறக்காமல் இருந்தால் இரண்டு நாள் வரை தாங்கும் என்பது பொதுக் கணக்கு. பாதிதான் நிறைந்திருந்தால் ஒரு நாள். நம் கோடையில் இதைவிடக் குறைத்தே வைத்துக்கொள்ளுங்கள். காலியிடத்தில் முக்கால் அளவு தண்ணீர் ஊற்றிய பாட்டில்களை வையுங்கள். ஒரு டம்ளரில் தண்ணீரை உறைய வைத்து அதன் மேல் ஒரு நாணயத்தை வையுங்கள். நீங்கள் ஊரில் இல்லாதபோது மின்சாரம் வெகுநேரம் போய்வந்தால் நாணயம் உள்ளே இறங்கிக் காட்டிக்கொடுக்கும். குளிர் கிருமிகளைக் கொல்வதில்லை, தூங்க மட்டுமே வைக்கிறது. முழுக்க இளகி வெதுவெதுப்பான மீனையும் இறைச்சியையும் மீண்டும் உறைய வைக்க நினைக்காதீர்கள்.

மேலே திறக்கும் பெட்டியில் ஒரு நன்மை உண்டு. குளிர்ந்த காற்று கனமானது. மூடியைத் தூக்கினாலும் அது கிணற்றுத் தண்ணீர் போல உள்ளேயே நிற்கும். ஆனால் அடியில் போனது கண்ணில் படாது. பையின் மேல் பெயரும் தேதியும் எழுதுங்கள். சுவரில் பனி கால் அங்குலம் படிந்தால் பெட்டியை நிறுத்திச் சுத்தம் செய்யுங்கள். கத்தியால் சுரண்டினால் குழாய் ஓட்டையாகிவிடும். சுவரோடு ஒட்டாமல் சுற்றிலும் காற்றுப் போக இடம் விடுங்கள்.

விற்பனைக்காக வாங்க நினைப்பவர்களுக்கும், குழுக்களுக்கு வழிகாட்டும் களப்பணியாளர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். 1924-ல் கிளாரன்ஸ் விழுந்த குழியை நினைவில் வையுங்கள். முதலில் வாங்குபவர் யார், அவரிடம் ஃப்ரீசர் இருக்கிறதா, வழியில் இளகாமல் எப்படிக் கொண்டுபோவது என்று கேளுங்கள். உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவும் செய்ய வேண்டும். இந்தக் கேள்விகளுக்கு விடை கிடைத்த பிறகு தவணைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுங்கள். விடை இல்லையென்றால் வீட்டுத் தேவைக்குச் சின்னப் பெட்டி போதும். வீட்டில் வீணாகாத காயும் வருமானம்தான்.

பெட்டி நாம் வைத்ததை நல்லதாக மாற்றாது. முற்றிய காயை வைத்தால் முற்றிய காய்தான் வரும். கிளாரன்ஸ் துறைமுகத்துக்குப் போனதும், சீப்ரூக் பண்ணையில் வயலருகே உறைய வைத்ததும் அதனால்தான். வண்டியில் காய்ந்து, சந்தையில் விலை போகாமல் திரும்பி வந்த மூட்டையைக் கடைசியில் ஃப்ரீசரில் கொட்டாதீர்கள். காலையில் பறித்ததில் நல்லதை வீட்டுக்கு எடுத்து வைத்துவிட்டு மீதியைச் சந்தைக்கு அனுப்புங்கள்.

சென்ற தை மாதம் நான் மறுபடி மொச்சை வைத்தேன். காலையில் பறித்தது மதியத்துக்குள் முக்கி எடுத்து, அரைக் கிலோ பைகளில் தட்டையாகச் சுவரை ஒட்டி நின்றது. ஒரு நாளுக்கு நான்கு கிலோ, இரண்டு நாளில் வேலை முடிந்தது. ஆடியில் கருவாட்டுக் குழம்பில் போட்டபோது பயறு முழுசாக இருந்தது. இந்தமுறை தட்டில் மிச்சம் வைக்கவில்லை.